தேர்தல் முடியட்டும்

பிப்ரவரி 18

அண்ணிக்கு,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். நீங்கள் சௌக்கியமாக இருப்பதைத் தினமும் பேப்பரில் பார்க்கிறேன். நம் வேட்பாளர் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், ஒரு நாள் வலது பக்கம், ஒரு நாள் இடது பக்கம். நான் பேப்பரில் வரவில்லை. சுவரில் வந்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் பேச வேண்டாம், மெசேஜில் எதுவும் எழுத வேண்டாம், யாராவது படம் பிடித்துப் பரப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டீர்கள். நல்ல வேளையாக அண்ணன் ரயிலில் கார்டு வேலை பார்க்கிறான். உங்கள் தலைநகரத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே போய் வருகிறவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். "என்னடி இவ்வளவு கனமா இருக்கு?" என்றான். உன் பெண்டாட்டிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் என்றைக்குக் கேட்டிருக்கிறான்?

எங்கள் தெரு முனையில் என் முகத்தைப் பெரிதாகப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துப் பின்கேட்டில் நுழையும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேனே, அந்த நொடியில் எடுத்த படம். திருடி மாதிரிதான் இருக்கிறேன், நானே ஒத்துக்கொள்கிறேன். மேலே கொட்டை எழுத்தில் 'வேலைநிறுத்தத்தை விற்றவள்.' கீழே 'இவளை மறக்காதீர்கள்.' ஓரத்தில் நம் இயக்கத்தின் முத்திரை. ஆஸ்பத்திரியை வாங்கப் பார்க்கும் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்பதால்தான் வயிறு எரிகிறது. அரசு ஆஸ்பத்திரிகளைக் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று வேலையை நிறுத்தினோமே, அதற்கு முந்தின நாள் சாயங்காலம் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் மூன்று பேர் நின்றோம். சங்கச் செயலாளர், தலைமையிலிருந்து வந்திருந்த நீங்கள், நான். பிறந்த குழந்தைகள் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு வேலைநிறுத்தம் புரியாது, ஒருத்தராவது உள்ளே இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். செயலாளர் சரி என்றார். வெளியே தெரிந்தால் ஒவ்வொரு வார்டும் விலக்குக் கேட்கும், கட்டுக் குலைந்துவிடும், அதனால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். "சலவைக் கேட் வழியா போயிடு. யார் கண்ணுலயும் படாதே." இதைச் சொன்னது யார் அண்ணி? செயலாளர் இல்லை. நீங்கள்.

பள்ளிக்கூடச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள். மகள் நேற்று நகக்கண்ணெல்லாம் பசையும் காகிதமுமாக வீட்டுக்கு வந்தாள். முழுதாகக் கிழிக்க வரவில்லையாம். முகத்தை மட்டும் ஒரு காசால் சுரண்டி எடுத்துவிட்டாளாம். "இப்ப யாருன்னு தெரியாதும்மா" என்றாள். பெற்ற தாயின் முகத்தைச் சுரண்டிவிட்டு வந்து குழாயடியில் கை கழுவுகிறது பிள்ளை. நான் துண்டை நீட்டினேன். வேறு என்ன செய்ய?

ஞாயிறுதோறும் பேப்பரில் உங்கள் பத்தி வருகிறது. எங்கள் வார்டில் அதை ஒருத்தி சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அதில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அவளை நாங்கள்தான் அனுப்பினோம் என்று. இயக்கத்தைத் திட்ட வேண்டாம். போஸ்டர் ஒட்டியவனைக்கூடத் திட்ட வேண்டாம். அந்த ஒரு வரி போதும்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 22

அன்புள்ள பட்டாசுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயர் பொருத்தமானதுதான். கடிதத்தைக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தேன். இந்த அலுவலகத்தில் தனியாக இருக்க வேறு இடம் கிடையாது. ஒரே அறையில் பதினைந்து பேர், கால் வைக்கும் இடமெல்லாம் ஒயர். நாற்காலி இல்லாமல் போஸ்டர் கட்டின்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன் போஸ்டர் இல்லை, பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

உன் கோபம் நியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அந்தப் படம் எப்படி வந்தது என்று விசாரித்தேன். நம் விளம்பர வேலையைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு உன்னைத் தெரியாது. யாரோ அனுப்பிய படத்தை வைத்து ஒரே மணி நேரத்தில் செய்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை, அவசரம்.

ஆனால் நீ கேட்பது ஒரு வரி என்று நினைக்கிறாய். இன்றைக்கு நான் எழுதும் எதுவும் ஒரு வரியாக நிற்காது. போன மாதம் நம் பேராசிரியர் என்ன செய்தார் என்று உனக்கு நினைவிருக்கும். நம் துண்டறிக்கையில் ஒரு கணக்குத் தவறு என்று நல்ல மனதோடு வெளியே சொன்னார். அவர் சொன்னது சரிதான். இன்றைக்கு அவர் குரலைப் பதிவு செய்து கம்பெனியின் வண்டிகள் தெருத் தெருவாக ஒலிபரப்பிக்கொண்டு போகின்றன. நேர்மையான மனிதர், வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. நான் 'நாங்கள்தான் அனுப்பினோம்' என்று எழுதினால் மறுநாள் தலைப்பு என்னவாக இருக்கும்? 'சொந்த நர்ஸ் மீதே பொய்ப் பழி போட்ட இயக்கம்.' அதைச் சொன்னவர் யார்? இயக்கத்தின் பத்தி எழுத்தாளர், அந்த நர்ஸுக்கே அண்ணி. பிறகு உனக்குக் கொடுத்த விலக்கும் வெளியே வரும். ரகசியமாக வேறு யார் யாருக்கு விலக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள்.

செயலாளரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். உள்ளே பேச வேண்டியவர்களிடம் பேசிவிட்டேன். இனிமேல் புதிதாக ஒட்ட மாட்டார்கள்.

இத்தனை வருடம் கழித்து ஜெயிக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. தோற்றால் ஆஸ்பத்திரி போய்விடும், உன் வேலையும் போய்விடும், அந்த வார்டும் போய்விடும். அதற்குப் பிறகு உன் பெயர் சுத்தமாக இருந்து என்ன பயன்? இப்படிக் கேட்பது கொடூரமாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. அந்த வரியை அடித்துவிட நினைத்தேன், அடிக்கவில்லை.

தேர்தல் முடியட்டும். முடிந்த மறுநாள் நானே எழுதுகிறேன். இது என் வாக்கு.

குழந்தைக்கு என் முத்தம்.

அண்ணி

பின்குறிப்பு: சலவைக் கேட் வழியாகப் போகச் சொன்னது உன் பாதுகாப்பை நினைத்துத்தான்.


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

புதிதாக ஒட்ட மாட்டார்கள் என்றீர்கள். நேற்று ராத்திரி பஸ் நிலையத்தில் ஒட்டியிருக்கிறார்கள், பசை இன்னும் காயவில்லை. உள்ளே பேசிவிட்டேன் என்கிறீர்களே, எதற்குள்ளே? வாய்க்குள்ளேயா?

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்களுக்குச் சட்டென்று ஏதோ வேலை வந்துவிடுகிறது. எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட சின்ன நர்ஸ் ஒருத்திதான் கூட உட்காருகிறாள், அவளும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே. வீட்டுக்காரம்மா வந்து, சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், வேறு இடம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டே அடிக்க முடியாத வெள்ளை அது. செயலாளரை நடையில் மடக்கினேன். தரையைப் பார்த்தபடி, "தலைமையில பேசட்டும்மா" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

இப்போது கேளுங்கள். செவ்வாய்க்கிழமை கம்பெனியின் டிவியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். உங்கள் கதையை உங்கள் வாயால் சொல்லுங்கள், ஒரு வார்த்தையையும் வெட்ட மாட்டோம் என்றாள். கேமராக்காரர் வாசலில் நின்றார். தெரு முழுக்க எட்டிப் பார்த்தது.

எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது அண்ணி. நாக்கு நுனி வரை வந்தது. போஸ்டர் வந்ததிலிருந்து என்னை உட்கார வைத்து என்னம்மா நடந்தது என்று கேட்ட முதல் ஆள் அவள். நம் ஆள் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எதிராளிக்குத்தான் என்மேல் அக்கறை.

முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். ஏன் தெரியுமா? பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியைக் கம்பெனி எடுத்த பிறகு அங்கே குறைமாதத்தில் பெற்றவள் ஒருத்தி, முன்பணம் கட்டவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ்ஸில் எங்களிடம் வந்தாள். அந்தப் பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்தது என் கை. கம்பெனியைப் பற்றி எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதித் தெரிந்துகொண்டதை நான் தொட்டுத் தெரிந்துகொண்டேன்.

என்னை வாயை மூடச் சொல்லும் நியாயம் எனக்கே தெரியும். நான் அந்தக் கேமராவில் சொன்னால் அது கம்பெனிக்குக் கிடைத்த கத்தி. நீங்கள் உங்கள் பத்தியில் சொன்னால் அது நம் வீட்டை நாமே பெருக்குவது. இரண்டும் ஒன்றா? பெருக்கினால் வீட்டில் குப்பை இருப்பது தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள். குப்பை நான்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 2

அன்புள்ள பட்டாசுக்கு,

நீ அந்த டிவிப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதைப் படித்து அழுதுவிட்டேன். பொய் சொல்லவில்லை. உன் அண்ணன் பார்த்துவிட்டு, பயந்துபோய் தண்ணீர் கொண்டு வந்தார்.

என்னால் அதை மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. தலைமைக் குழுவில் சொன்னேன். கம்பெனியின் கேமராவையே திருப்பி அனுப்பியவள் அவள் என்று. எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நிதானமாகப் படி.

உன்னை மன்னிக்கத் தயாராக இருக்கிறார்கள். கடைசி வாரக் கூட்டத்தில் நீ மேடைக்கு வருகிறாய். டாக்டரம்மா உன்னைக் கட்டி அணைத்துக்கொள்வார். நீ அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு சோர்வான நேரத்தில் தவறு செய்துவிட்டேன், இப்போது புரிந்துகொண்டேன், திரும்பி வந்துவிட்டேன், இவ்வளவு போதும். யாரும் தோற்க மாட்டார்கள். போஸ்டரும் போய்விடும், இயக்கமும் பெருந்தன்மையோடு இருக்கும். நடந்ததைத் தோண்டாமலே உனக்கு ஒரு வழி பிறக்கிறது.

இது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூட வாசலில் குழந்தை தலை நிமிர்ந்து நடக்கலாம். அதை யோசி. உடனே பதில் எழுதாதே, ஒரு நாள் விட்டு எழுது.

அண்ணி


மார்ச் 4

அண்ணிக்கு,

ஒரு நாள் விட்டுத்தான் எழுதுகிறேன். ஆறவில்லை.

மன்னிப்பா? எனக்கா? எதற்கு? வார்டுக்குப் போனதற்கா, நீங்கள் போகச் சொன்ன வழியில் போனதற்கா? தவறே செய்யாதவளைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, தவறு செய்தேன் என்று அவள் வாயால் சொல்ல வைத்து, பிறகு கட்டிப்பிடிப்பீர்கள். கை தட்டுவார்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பத்தியாகவும் எழுதுவீர்கள், எங்கள் வார்டில் ஒருத்தி அதைச் சத்தமாகப் படிப்பாள். மிளகாய் அரைக்க என் தலையை விட்டால் உங்களுக்கு வேறு கல்லே கிடைக்கவில்லையா?

கேமராவைத் திருப்பி அனுப்பியதை உங்களுக்குத்தானே எழுதினேன். அதையும் கொண்டுபோய் விற்றுவிட்டீர்கள். டாக்டரம்மா நல்லவர் என்று இன்னமும் நம்புகிறேன், ஓட்டும் அவருக்குத்தான். ஆனால் அந்த மேடைக்கு வரமாட்டேன். செத்தாலும் வரமாட்டேன்.

வேறு விஷயம். பத்தாம் தேதி மறுபடி ஒரு நாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைகள் வார்டுக்குப் போக இரண்டு பேர் வேண்டும் என்று செயலாளர் கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. ஏன் உயரும்? போன தடவை போனவள் சுவரில் இருக்கிறாள். அடுத்த சுவர் யாருக்கு என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். நான் போகிறேன் என்றேன். சின்ன நர்ஸும் என்னோடு வருவதாகச் சொன்னாள், அவள் அம்மாவுக்குத் தெரியாமல்.

ஒரு நிபந்தனை. இந்த முறை பின்கேட் கிடையாது. முன்கேட் வழியாகப் போவோம், சீருடையில், விடிந்த பிறகு. நீங்கள் அன்றைக்கு இங்கே பேச வருகிறீர்கள் என்று அறிவிப்பில் போட்டிருக்கிறது. நாங்கள் வரும்போது மைக்கில் சொல்லுங்கள், இவர்கள் இரண்டு பேரையும் நாங்கள்தான் அனுப்புகிறோம் என்று. போன தடவையைப் பற்றி ஒன்றும் வேண்டாம். இந்தத் தடவையை மட்டும் சொல்லுங்கள். கேட்டவர்களே மற்றதைப் புரிந்துகொள்வார்கள். உங்கள் பேராசிரியர் பயமும் இதில் இல்லை. குழந்தைகளைக் காப்பாற்றும் இயக்கம் என்றுதானே தலைப்பு வரும்?

இதற்குமேல் என்னால் இறங்கி வர முடியாது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 7

பட்டாசு,

அவசரமாக எழுதுகிறேன், உன் அண்ணன் கிளம்பி நிற்கிறார். சரி. மைக்கில் சொல்கிறேன். எந்த வார்த்தைகளில் என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடு. கேட்டருகே லாரியின்மேல்தான் மேடை, நீங்கள் வருவது எனக்குத் தெரியும். தைரியமாக வா.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

வார்த்தைகளை உங்களிடம் விட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

நாங்கள் முனை திரும்பும்போதே உங்கள் குரல் கேட்டது. நல்ல குரல், அதில் குறை சொல்ல முடியாது. கம்பெனியைக் கிழித்துக்கொண்டிருந்தீர்கள். சின்ன நர்ஸ் என் கையைப் பிடித்திருந்தாள். "அக்கா, சொல்லுவாங்கல்ல?" என்றாள். எங்க அண்ணிடி என்றேன். அப்படித்தான் சொன்னேன் அண்ணி, எங்க அண்ணி என்று.

நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். பேச்சை நிறுத்தினீர்கள். கூட்டமும் திரும்பியது, முகத்தை அடையாளம் கண்டது, எங்கும் ஒரு சத்தம் எழுந்தது. மைக் உங்கள் கையில் இருந்தது. நீங்கள் சொன்னது: "தோழர்களே, அமைதி. கட்டுப்பாடு காப்போம். யாரும் கை வைக்க வேண்டாம்."

அவ்வளவுதான். யாரும் கை வைக்க வேண்டாம். கேட்டவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்? துரோகிதான், ஆனாலும் அடிக்காதீர்கள் என்று புரிந்தது. நீங்கள் வாயே திறக்காமல் இருந்திருந்தால்கூட யாராவது, இவள் துரோகிதானா என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். சின்ன நர்ஸ் கையை உருவிக்கொண்டாள். திரும்பி ஓடினாள். நான் அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் நடந்தேன். யாரோ குடித்து மிஞ்சிய டீயைச் சட்டைமேல் ஊற்றினார்கள். கை வைக்கவில்லை, நீங்கள் சொன்னபடி.

உள்ளே ஒருத்தியாக இருந்தேன். இந்தக் குழந்தைகள் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மாதம் நிறையாமல் பிறந்ததுகள் நடுவில் மூச்சுவிட மறந்துபோகும். மெஷின் கத்தும். ஓடிப்போய் உள்ளங்காலை விரலால் சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி மூச்சை இழுக்கும். ஒரு ஆளுக்கு ஒரு குழந்தை என்றால் அது வேலை. மத்தியானத்துக்கு மேல் இரண்டு மெஷின் ஒரே நேரத்தில் கத்தியது. ஒன்று ஜன்னலோரம், ஒன்று கதவோரம். இரண்டு ஆள் இருக்க வேண்டிய அறையில் நான் ஒருத்தி நடுவில் நின்றேன். எந்தப் பக்கம் ஓட என்று யோசித்த அந்த நேரத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

ஜன்னலோரத்துக்கு ஓடினேன். அது சுண்டியதும் அழுதது. கதவோரத்துக்குத் திரும்பியபோது அதன் உதடு நீலமாகியிருந்தது. சுண்டினேன், வரவில்லை. வாயில் காற்றுப் பையை வைத்து அழுத்தினேன், கெஞ்சினேன், திட்டினேன். உங்களைத்தான் திட்டினேன். ரொம்ப நேரம் கழித்து மூச்சை இழுத்தது.

இரண்டும் பிழைத்துவிட்டன. அதனால் இது செய்தியில்லை. யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை. ஒன்று போயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். தேர்தல் முடியட்டும் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

இதற்குப் பதில் எழுதாதீர்கள்.


மார்ச் 26

அன்புள்ள பட்டாசுக்கு,

பதில் எழுதாதே என்றாய். இரண்டு வாரம் எழுதவில்லை. நாம் ஜெயித்த பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஊரில் நமக்கு விழுந்த ஓட்டு வேறு எங்கும் விழவில்லை. ஆஸ்பத்திரிகள் எங்கேயும் போகவில்லை. அறிவித்தபோது உன்னைத்தான் முதலில் நினைத்தேன்.

நீ நினைப்பதுபோல் நான் கோழை இல்லை. அன்றைக்குச் சொல்லத்தான் மைக்கை வாங்கினேன். வாயைத் திறந்தபோது செயலாளர் என் முழங்கையைப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார். அதற்கு மேல் நான் என்ன செய்திருக்க முடியும்? அத்தனை பேருக்கு முன்னால் மேடையிலேயே சண்டை போடவா? அந்த ஒரு நொடியில் எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது. குழந்தைகள் பிழைத்தன என்று படித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

நீ கேட்கப்போவது தெரியும். தேர்தல் முடிந்த மறுநாள் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதி வைத்தும்விட்டேன், நல்ல பத்தி, நீயே பாராட்டுவாய். ஆனால் பதவியேற்பு இன்னும் நடக்கவில்லை. கம்பெனி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, நம்மிடம் ஒரு கீறலாவது கிடைக்குமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுகிறார்கள். ஆட்சி கொஞ்சம் வேர் பிடிக்கட்டும். என்னை ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்தால்தானே எதையும் சரி செய்ய முடியும்.

ஏப்ரல் நான்காம் தேதி டாக்டரம்மா உங்கள் ஆஸ்பத்திரிக்கு நன்றி சொல்ல வருகிறார். நானும் வருகிறேன். அது சந்தோஷமான நாள். அங்கே எதையும் கிளப்பாதே என்று உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டு விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்வோம்.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

நேற்று நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உங்களுக்கு ஞாபகசக்தி சரியில்லை என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் எல்லோரும் நின்றோம். டாக்டரம்மா அழகாகப் பேசினார். கடைசியில், யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். நீங்கள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். நான் மேடைக்கு வந்தேன்.

"போஸ்டர்ல இருந்தவ நான்தான். ஓட்டு உங்களுக்குத்தான் போட்டேன், இனிமேயும் போடுவேன். அந்த வார்டுக்கு நானா போகல, அனுப்பினாங்க. அனுப்பினவங்க ரெண்டு பேரும் இந்த மேடையிலதான் இருக்காங்க. அவங்க சொல்லட்டும்."

டாக்டரம்மா உங்களைப் பார்த்தார். உண்மையா என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்போதுதான் எனக்கே புரிந்தது, இந்த நாள் வரை நீங்கள் அவர் காதில் இதைப் போடவே இல்லை என்று. நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "எனக்குச் சரியா நினைவில்ல. அன்னைக்கு எவ்வளவோ பேசினோம்" என்றீர்கள்.

செயலாளர் எழுந்தார். எப்போதும் தரையைப் பார்க்கிற மனிதர், நேற்றும் தரையைத்தான் பார்த்தார். "எனக்கு நினைவிருக்கு. நாங்கதான் அனுப்பினோம்" என்றார்.

கொஞ்ச நேரம் சலசலப்பு. பின்னால் யாரோ கை தட்டினார்கள். டாக்டரம்மா என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார், போஸ்டரெல்லாம் இன்றைக்கே எடுங்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அடுத்து டீ வந்தது. அவ்வளவுதான் அண்ணி. வானம் இடிந்து விழவில்லை. ஆட்சி கவிழவில்லை. ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

டீயோடு செயலாளரைப் பிடித்துக்கொண்டேன். அவரையும் விடவில்லை, இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். தலைமையிலிருந்து வந்த அம்மாவே பேசாதபோது நான் எப்படிப் பேசுவது என்றார். நீங்கள் அவருக்காகக் காத்திருந்தீர்கள், அவர் உங்களுக்காகக் காத்திருந்தார். நடுவில் நான் டீயில் நனைந்தேன். முழங்கையைப் பிடித்ததையும் கேட்டேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை. "லாரிப் பலகை ஆடுச்சும்மா, விழுந்துடப் போறாங்கன்னு பிடிச்சேன்" என்றார்.

தேர்தலுக்கு முன்னால் நீங்கள் அதை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தோற்றிருக்கலாம். உங்கள் பயம் முழுக்க நியாயமாகவே இருந்திருக்கலாம். அதனால்தான் கேமரா வந்தபோது நானும் கதவைச் சாத்தினேன். அதை எல்லாம் விட்டுவிடுகிறேன். ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நேற்று எந்தத் தேர்தல் அண்ணி?

அண்ணன் காலையில் ரயில் நிற்கும் நேரத்தில் போன் செய்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனாகக் கேட்டான், என்னதான் நடந்தது என்று. சொன்னேன். வரும் ஞாயிறு உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன்.

வாருங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மகளும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆனால் வந்ததும் கதவைத் தட்டாதீர்கள். இந்தத் தெருவில் ஞாயிறு காலை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். என் வாசலில் நின்று, லாரியின்மேல் பேசினீர்களே, அந்தக் குரலில் சொல்லுங்கள். யார் அனுப்பி நான் போனேன், பின்கேட்டைக் காட்டியது யார் என்று சொல்லுங்கள். எதிர்வீட்டு மாடி வரை கேட்க வேண்டும். கேட்டால் நானே வந்து கதவைத் திறப்பேன்.

உள்ளே வந்து காதோடு சொல்வதாக இருந்தால் அண்ணன் மட்டும் வரட்டும்.

உங்கள் நாத்தனார்